பிரிந்து போனவர்களின் ஊர்

மசில் ஷோல்ஸ் என்ற பெயரை இசைத்தட்டு உறைகளில் படித்துப் படித்துப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். அலபாமாவின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றின் இரு கரையிலுமாக நான்கு சிற்றூர்கள் ஒட்டிக் கிடக்கின்றன. வடகரையில் ஃபுளோரன்ஸ், தென்கரையில் மசில் ஷோல்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா. ஃபேம் ஸ்டூடியோ இருப்பது அவலான் அவென்யூவில், ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில். வண்டியை விட்டு இறங்குகிறவர் தலைவலி மாத்திரைக்கு வந்தவரா, அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய அறையைப் பார்க்க வந்தவரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் வந்தது பாடகர் ஜேசன் இஸ்பெலின் முதல் தனி ஆல்பம் உருவான இடத்தைப் பார்க்க. ‘சைரன்ஸ் ஆஃப் த டிட்ச்’ 2007 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அவர் ‘டிரைவ்-பை டிரக்கர்ஸ்’ குழுவிலிருந்து விலகிய செய்தி வந்திருந்தது. 2001இல், 22 வயதில் அந்தக் குழுவில் சேர்ந்தவர். மூன்று கிதார்கள், மூன்று பாடலாசிரியர்கள் என்று ஆரவாரமான குழு அது. மூன்று ஆல்பங்களில் இருந்தார். பிறகு பிரிவு. குழுவில் பேஸ் வாசித்த ஷோனா டக்கர் அவருடைய மனைவி. அந்தத் திருமணமும் முறிந்தது.

இந்த அளவில் இது எங்கும் நடக்கிற கதை. ஆனால் ஆல்பத்தின் கலைஞர் பட்டியலைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தயாரிப்பு: இஸ்பெல், கூடவே பேட்டர்சன் ஹூட். ஹூட் யார்? டிரக்கர்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். டிரம்ஸ் வாசித்தது அதே குழுவின் பிராட் மார்கன். பேஸ் வாசித்தவர்களில் ஷோனா டக்கர் உண்டு. பேட்டர்சனின் அப்பா டேவிட் ஹூட்டும் உண்டு. குழுவில் இருந்த காலத்திலேயே, ஓய்வு கிடைத்தபோதெல்லாம், சில ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவுசெய்த பாட்டுகள் இவை. அட்டையில் ஒரு பெயர்தான். உள்ளே பாதிக் குழு உட்கார்ந்திருக்கிறது.

டேவிட் ஹூட் என்ற பெயரை வைத்துத்தான் இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். 1943இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். கிதாருக்கு ஜிம்மி ஜான்சன், டிரம்ஸுக்கு ரோஜர் ஹாக்கின்ஸ், கீபோர்டுக்கு பாரி பெக்கெட், பேஸுக்கு ஹூட் என்று நால்வர் அணி. ‘ஸ்வாம்பர்ஸ்’ என்பது பட்டப்பெயர். யாரோ பாட வருவார்கள், இவர்கள் வாசிப்பார்கள், மறுநாள் வேறு யாரோ வருவார்கள். 1972இல் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவின் ‘ஐல் டேக் யூ தேர்’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டை நடத்திப்போவதே ஹூட்டின் பேஸ்தான். நடுவில் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் டேவிட் என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். அதைக் கேட்டுவிட்டு பாடகர் பால் சைமன், அந்தக் கறுப்பினக் கலைஞர்கள் வேண்டும் என்று கேட்டதாகவும், அவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று பதில் வந்ததாகவும் இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் இருப்பது சிரிப்பான காலமில்லை. நிறவெறியை அரசே நடத்திய அலபாமா அது. ஸ்டூடியோக் கதவுக்கு உள்ளே மட்டும் ஒரு கறுப்பினப் பாடகரும் நான்கு வெள்ளைக்காரப் பையன்களும் ஒரே பாட்டுக்காக வியர்த்தார்கள். உள்ளேயும் எல்லாம் சுமுகமாக இருந்துவிடவில்லை. 1967 ஜனவரியில் அரீத்தா ஃபேமுக்கு வந்தார். கீபோர்டு கலைஞர் ஸ்பூனர் ஓல்டாம் வுர்லிட்சர் மின்பியானோவில் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த தொடக்கத்தை வைத்து ஒரே ஒரு பாட்டு முடிந்தது. அன்றிரவே அரீத்தாவின் கணவருக்கும் ஸ்டூடியோ முதலாளி ரிக் ஹாலுக்கும் கைகலப்பு. அரீத்தா கிளம்பிப் போய்விட்டார். மிச்சத்தை முடிக்க வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

இப்படி யார் பாட வந்தாலும் வாசிக்கும் செஷன் வாத்தியக்காரர்களின் தொழில் நுணுக்கத்துக்கு ஒரு சான்று, அவர்கள் முன்னால் இருக்கும் தாள். அதில் ஸ்வரக் குறிப்பு இருக்காது. 1, 4, 5, 1 என்று எண்கள் இருக்கும். ஜி சுருதியில் 1 என்றால் ஜி, 4 என்றால் சி, 5 என்றால் டி. பாடுகிறவருக்குத் தொண்டை எட்டவில்லையா, சுருதியை இறக்கிக்கொண்டு அதே தாளை வைத்து வாசிக்கலாம். ஓர் எழுத்தைக்கூட அடிக்க வேண்டாம். ஷட்ஜத்தை எங்கே வைத்தாலும் சரிகமபதநி மாறாது என்று பழகிய காதுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் வேறு இடத்தில். தாளில் இருப்பது இவ்வளவுதான். எங்கே வாசிக்காமல் விட வேண்டும் என்பது அதில் எழுதியிருக்காது. ஹூட்டின் பேஸைக் கவனித்துக் கேட்டால் அவர் விட்ட இடங்கள்தான் முதலில் காதில் விழும்.

ஃபேமிலிருந்து ஷெஃபீல்டுக்கு வண்டியில் சில நிமிடம். 3614, ஜாக்சன் ஹைவே. தாழ்ந்த கூரை, முகப்பில் இலக்கம். முன்பு சவப்பெட்டிகள் வைத்திருந்த கட்டடம். 1969இல் ரிக் ஹாலிடமிருந்து பிரிந்து வந்த நால்வர் அணி இங்கேதான் சொந்தக் கடை விரித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து மூன்று பாட்டுகளைப் பதிவுசெய்து போனார்கள். ‘வைல்ட் ஹார்ஸஸ்’ பாட்டை எழுதி முடித்தது கழிப்பறையில் என்று சொல்லப்படுவதால், வருகிறவர்கள் அந்தக் கழிப்பறையையும் படமெடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன்.

பிரிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. ரிக் ஹாலையே அவருடைய முதல் கூட்டாளிகள் கழற்றிவிட்டார்கள். அவர் சேர்த்த முதல் வாத்திய அணி 1964 வாக்கில் நாஷ்வில்லுக்குப் போய்விட்டது. இரண்டாவது அணி இந்த ஜாக்சன் ஹைவேக்கு வந்தது. ஊர் சின்னது, கோபித்துக்கொண்டு போனவரை மறுநாள் கடைத்தெருவில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இஸ்பெல் வளர்ந்தது ஃபுளோரன்ஸுக்கு வடகிழக்கே கிரீன் ஹில் என்ற கிராமத்தில். தாத்தா பெந்தெகொஸ்தே போதகர். வீட்டில் எல்லோர் கையிலும் ஏதாவது வாத்தியம் இருந்தது. பதின்ம வயதில் டேவிட் ஹூட், ஓல்டாம் போன்ற மூத்தவர்களிடம் தொற்றிக்கொண்டு தொழில் கற்றார். 21 வயதில் ஃபேம் அவரைப் பாட்டெழுத ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆக, தனி ஆல்பத்துக்காக அவர் ஃபேமுக்குள் நுழைந்ததைத் தனியே போனதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது என்பேன். வாத்தியார்களான ஹூட்டும் ஓல்டாமும் வந்து வாசித்தார்கள்.

ஆல்பம் குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் பழைய குழுவின் மின்கிதார் இரைச்சல் அப்படியே இருக்கிறது. தனக்கென்று ஒரு குரலை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. 2013இல் வந்த ‘சவுத்ஈஸ்டர்ன்’ ஆல்பத்தில்தான் அது கைகூடியது. அதற்கு முன் குடியை விட வேண்டியிருந்தது. ஆனால் இராக் போரிலிருந்து உயிரில்லாமல் திரும்பிய, தன் பள்ளியில் படித்த ஒரு பையனைப் பற்றிய ‘டிரெஸ் ப்ளூஸ்’ இந்த முதல் ஆல்பத்தில்தான் இருக்கிறது. போரைத் திட்டாமல், வீரத்தைப் புகழாமல், அஞ்சலி நடக்கும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நம்மைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது. ‘ஹரிகேன்ஸ் அண்ட் ஹேண்ட் கிரனேட்ஸ்’ அதற்கு நேர்மாறு. நிதானமாக நகரும் சோல் பாட்டு. 1967இல் இதே ஃபேம் கட்டடத்தில் பதிவானது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி கிரீன் ஹில் பக்கம் போனேன். வழியெல்லாம் வயல், சர்ச், மறுபடி வயல். அந்த சோல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியங்கள் எல்லாம் ஒரு கணம் விலகி நின்று பாடுகிறவரை விட்டுவைக்கும் இடத்துக்காக இரண்டு முறை பின்னுக்குத் தள்ளிக் கேட்டேன். மூன்றாவது முறை தள்ளியதில் திரும்ப வேண்டிய முக்கைத் தவறவிட்டு, டென்னசி மாநில எல்லை வரை போய்விட்டேன்.