பெட்டியடியும் முகப்பும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குள் நுழைகிறவருக்கு முதலில் மூக்குக்குத்தான் வேலை. பழைய தேக்கு, துரு, பித்தளைக்குத் தேய்த்த புளி எல்லாம் கலந்த ஒரு வாடை. பிறகுதான் கண் பழகும். சுவரில் சாய்த்த நிலைக்கதவுகள், படுக்கப்போட்ட தூண்கள், ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த மங்குச் சாமான்கள், அண்டா, குத்துவிளக்கு, வெற்றிலைப் பெட்டி. பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் இரண்டு மூன்று எழுத்துகள் வெட்டியிருக்கும். அது அந்த வீட்டு விலாசம். செட்டிநாட்டில் விலாசம் என்றால் தெருப் பெயரும் கதவு எண்ணும் அல்ல. பாட்டன், அப்பன் பெயர்களின் முதலெழுத்துக் கோவை. தொழில் நடத்திய கடைக்கும் அதுதான் பெயர், கல்யாணத்துக்கு வாங்கிய கரண்டிக்கும் அதுதான் அடையாளம்.

கரண்டி இன்று எடைக்குப் போகிறது. தூணுக்குத் தனி விலை. சென்னையிலும் பெங்களூரிலும் கட்டுகிற புது வீட்டு வரவேற்பறையில் நிறுத்த ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள்.

இந்தத் தூண்கள் நின்ற வீடுகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுவர்ப் பூச்சு. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இவை பரவிக் கிடக்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பிடித்தன. அழகான வீடுகள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த அழகுக்கான பணம் எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கப்பட்டது என்பதை வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை.

அந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வட்டிக் கடைகள் அதில்தான் நடந்தன. கடை என்றதும் பலகையும் கண்ணாடியும் நினைவுக்கு வரக்கூடாது. நீண்ட கூடம் ஒன்று. அதற்குள் பல கடைகள். ஒரு கடைக்குத் தரையில் ஒரு பாய் அகலம் இடம், கணக்கெழுதக் குட்டையான ஒரு மரப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரியோ இரும்புப் பெட்டியோ. பகலில் அந்தப் பெட்டிக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கொடுக்கல் வாங்கல். ராத்திரி அதே இடத்தில் பாயை உதறி விரித்தால் படுக்கை. பக்கத்துப் பெட்டிக்காரரும் அப்படியே.

பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வது என்பது அங்கே படிக்கட்டு. ஒரு தடவை போனால் மூன்று வருஷக் கணக்கு. முடித்துத்தான் ஊர் திரும்பலாம். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரில். முதலாளியின் மகனே தொழில் பழகப் போனாலும் தரைதான், பாய்தான்.

ஊரில் இருந்த வீட்டுக்குள்ளும் ஒரு கட்டு இருந்தது. மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவது அல்ல அது. கூரை ஒன்று, அடுப்பு வேறு, கணக்கு வேறு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அப்பச்சி (அப்பா) அளந்து கொடுத்துவிடுவார். புது மருமகள் அதற்குள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். அந்தத் தம்பதி அன்று முதல் ஒரு ‘புள்ளி’; கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். பெண் கொண்டு வந்த சீதனப் பணம் கடையில் அவள் பெயரில் நின்று வட்டி ஏறும். இருபது வயசுக்குள் வரவையும் செலவையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்ட ஒரு தலைமுறையை இந்த ஏற்பாடு உண்டாக்கியது. இன்றைக்கு முதல் சம்பளம் வாங்கிய வாரத்திலேயே கடன் அட்டை கைக்கு வந்துவிடுகிற பிள்ளைகளுக்கு இதில் பாதிப் பயிற்சி கிடைத்தாலும் போதும்.

இத்தனை கட்டுச்செட்டானவர்கள் பளிங்குக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் எப்படி வாரி இறைத்தார்கள்? கேள்வி கிட்டங்கியில் எழாது. ஊர்த் தெருவில்தான் எழும். கிட்டங்கியில் பார்க்கிறவன் எல்லாரும் பாயில் படுக்கிறவன். அங்கே எளிமைக்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. ஆடம்பரம் செய்தால்தான் கேலி. ஊரில் பக்கத்து வீட்டு முகப்பு ஒரு முழம் உயர்ந்தால் இந்த வீட்டுக்குத் தூக்கம் போய்விடும். கல்யாணத்தில் ‘சாமான் பரப்பல்’ என்றே ஒரு வழக்கம்: பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் பண்டங்களையெல்லாம் பரப்பி வைப்பார்கள், உற்றார் உறவினர் வந்து பார்ப்பார்கள். ஒரு பெண் ஆயுசு முழுக்கச் சமைத்தாலும் பாதிப் பாத்திரத்தில் கரி பிடிக்காது. மீதி அறையில் பூட்டிக் கிடக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தவற்றில் பல அந்தப் பூட்டிய அறைச் சரக்குதான்.

தார்ஸ்டீன் வெப்ளென் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பிறர் காண்பதற்காகச் செலவழிக்கும் பழக்கத்தைப் பற்றி 1899இலேயே புத்தகம் எழுதிவிட்டார். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண சீசன் தங்கியிருந்தால் இன்னும் இரண்டு அத்தியாயம் சேர்த்திருப்பார்.

வீட்டுக்கு நியாயமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான பங்காளிகள் கூடிச் சாப்பிட, முன்னோருக்குப் படைப்பு நடத்த, நெல்லைச் சேர்த்து வைக்க இடம் வேண்டும்தான். தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட வீடுகள் அவை. சிக்கல், அந்த முகப்பைத் தாங்கிய வருமானம் வேறு மண்ணில் இருந்தது என்பதில். 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடன்பட்ட பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். காசாகத் திரும்ப வேண்டிய பணம் வயலாகச் சிக்கிக்கொண்டது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டியடிச் சிக்கனத்துக்கு வேறு முகம் உண்டு. அது தனியாக எழுத வேண்டிய கதை. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்தது. வயல் அங்கே போயிற்று. வீடு இங்கே நின்றது, வருஷா வருஷம் வெள்ளையடிக்கக் கேட்டுக்கொண்டு.

எல்லாரும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளவில்லை. பர்மாவின் மௌல்மீனில் தொடங்கிய முருகப்பா குடும்பம் யுத்தத்துக்கு முன்பே முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பித் தொழிற்சாலைகளில் இறக்கியது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளைகள். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். பணத்தைத் தெருவைப் பார்க்க நிறுத்தாமல் வேறு பக்கம் திருப்பிய கைகள் இவை.

முகப்பு இன்று இடம் மாறிவிட்டது. வாடகை வீட்டில் இருக்கிறவருக்கும் அது உண்டு. வாசலில் காராக நிற்கும், இல்லையென்றால் கையில் செல்போனாக இருக்கும். கணக்கு சிரமமானது அல்ல. 10 லட்ச ரூபாய் கார்க் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 20,758 ரூபாய். முடிக்கும்போது 12 லட்சத்து 45 ஆயிரம் கட்டியிருப்பார். அன்றைக்கு அந்தக் கார் பாதி விலைக்குப் போனால் அதிர்ஷ்டம். தபால் அலுவலகத்திலும் வங்கியிலும் கிடைக்கும் பி.பி.எஃப். கணக்குக்கு 2020 ஏப்ரலில் 7.1 சதவீத வட்டி நிர்ணயமானது. அந்த வட்டி மாறாமல் நின்றால், வருஷத் தொடக்கத்தில் ஒன்றரை லட்சமாக 15 வருஷம் போடுகிறவருக்கு 22.5 லட்சம் முதல் 40 லட்சத்துக்கு மேல் ஆகும். மாதக் கணக்கில் பார்த்தால் 12,500 ரூபாய்தான், தவணையை விடக் குறைவு. கார் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதான தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுவது அபத்தம். ஆனால் வாரத்தில் ஆறு நாள் உறை போர்த்தி நிற்கிற கார் எத்தனை தெருக்களில் நிற்கிறது என்பதும் தெரிந்ததுதான்.

1924இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டிலிருந்து உலக சிக்கன நாள் வந்தது. நம் ஊரில் அக்டோபர் 30இல் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் சிறுதுளியும் பெருவெள்ளமும் எழுதிப் பரிசு வாங்குவார்கள். தேதிதான் பல வருஷங்களில் தீபாவளியை ஒட்டி வந்து விழுகிறது. அப்பா போனஸை ஜவுளிக்கடையில் கொடுத்துவிட்டு வரும் வாரம்.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பக்கத்து ஊர்தான், கல்யாணங்களுக்கு டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருவார். மண்டப வாசலில் மாப்பிள்ளை முறைக்காரர் ஒருவர் கேட்டார்: “இன்னுமா மாமா இந்த வண்டி?”

“ஏன் மாப்ள, மண்டபத்துக்குள்ளயா ஓட்டிக்கிட்டு வரப்போறேன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மகள் படிப்புக்கு அவர் எங்கும் கை நீட்டவில்லை, வீட்டுக் கடனை ஓய்வுக்கு நான்கு வருஷம் முன்பே முடித்துவிட்டார் என்பதெல்லாம் அந்த வாசலில் யாருக்கும் தெரியாது; தெரியவும் வாய்ப்பில்லை. மீதமிருக்கிற பணத்துக்கு முகப்பு கிடையாது. கல்யாண வீட்டில் அவருக்குக் ‘கஞ்சப் பிசினாரி’ என்று ஒரு பெயர் உண்டு. அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது.

அவர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாம். பின்சீட்டில் வந்த அவர் மனைவிதான் உள்ளே போய் மற்ற பெண்களின் கழுத்துகளுக்கு நடுவே உட்கார வேண்டும். “என்னக்கா, அந்தப் பழைய செயினேதானா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவர் பாடு. குடும்பச் சிக்கனத்தைப் புகழ்கிற கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். அந்த அம்மா தன் வயசுக்காரர்கள் ஐந்தாறு பேரோடு ஒரு சின்னச் சீட்டு நடத்துகிறார். அங்கே யாரும் யார் கழுத்தையும் பார்ப்பதில்லையாம். மாதம் ஒரு தடவை, ஒரு வீட்டுத் தரையில் பாய் விரித்து, டீயும் முறுக்கும், கையில் கணக்கு நோட்டு. அதை அவர் சொன்னபோது கேட்டவருக்குக் கிட்டங்கி ஞாபகம்தான் வந்தது.

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் மரச்சாமானுக்கு அடியில் தேடினால் சில சமயம் பழைய பேரேடும் கிடைக்கும். தடித்த அட்டை, ஓரத்தில் பூச்சி அரித்த தாள், வரிவரியாகப் பற்று வரவு. விளக்கெண்ணெய் வாங்கிய அணாவும் தபால் தலைக்குப் போன பைசாவும் அதில் இருக்கும். நிலைக்கதவு ஒன்றுக்குப் பெங்களூர்க்காரர் ஒரு மணி நேரம் பேரம் பேசி, டெம்போவும் பேசி முடித்தார். கிளம்பும்போது கண்ணில் பட்ட பேரேட்டைக் கையில் எடுத்து, இது என்ன விலை என்றார். கடைக்காரர் தூசியைத் தட்டிவிட்டு, “சும்மா கொண்டு போங்க சார்” என்று கதவோடு சேர்த்துக் கொசுறாகக் கொடுத்துவிட்டார்.