24 வளைவுகளும் என் எஸ்டிமேட்டும்



மூன்றாம் ஆண்டு செமினாருக்கு நான் எடுத்த தலைப்பைக் கேட்டதும் ரூம்மேட் சிரித்துவிட்டான். "டேய், இங்கிலாந்துல இருக்கிற பாலத்தப் பத்தி நீ என்னடா பேசப் போற? போட்டோவுல பார்த்ததோட சரி!"

உண்மைதான். நூலகப் புத்தகத்தில்தான் பார்த்தேன். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிரேவன் என்றொரு மாவட்டம். சுண்ணாம்புக்கல் மலைகள், சாந்தே இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், ஆடு மேயும் புல்வெளிகள். அங்கே ரிபிள்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகளோடு நிற்கிறது அந்த ரயில் பாலம். நீளம் சுமார் 400 மீட்டர், உயரம் 32 மீட்டர். 1870-ல் தொடங்கி 1874 வரை கட்டினார்கள். குடிசைகளில் தங்கி உழைத்த தொழிலாளர்கள் பலர் விபத்திலும் அம்மை நோயிலும் மாண்டு, பக்கத்து மாதா கோயில் கல்லறையில் உறங்குகிறார்கள்.

ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமன். ஒன்று சாய்ந்தாலும் பாலம் முழுவதும் சரியக் கூடாது என்ற கணக்கு!

1980களில் ரயில்வே நிர்வாகம், "பாலம் பழுது, ரிப்பேர் செலவு தாங்காது, பாதையையே மூடலாம்" என்றது. ஊர் மன்றங்கள் எதிர்த்தன. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள். ஒரு நாய்கூடப் பாதம் பதித்தது! 1988-ல் பாலத்தின் மேல் வாட்டர்புரூபிங் போட்டுப் பரீட்சித்தார்கள். சொன்ன தொகை தேவையில்லை என்று தெரிந்தது. 1989 ஏப்ரலில் மூடும் யோசனையை அரசு கைவிட்டது. 1990 முதல் 1992 வரை பாலம் செப்பனிடப்பட்டது. 1974-ல் பிறந்த கிரேவன் மாவட்ட மன்றம் 2023-ல் வடக்கு யார்க்‌ஷயர் மன்றத்தோடு கலந்து மறைந்துவிட்டது. பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

பேசி முடித்ததும் கைதட்டல். சார் மட்டும் கேட்டார்: "உன் ப்ராஜெக்ட் கல்வெர்ட்டுக்கு எஸ்டிமேட் போட்டியே, ஸைட்டுக்குப் போய்ப் பார்த்தியாப்பா?"

தலை குனிந்தேன். 'முழுவதும் இடித்துக் கட்ட வேண்டும்' என்று ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தே எழுதியிருந்தேன்.

மறு ஞாயிறு டேப்போடு போனேன். கல்லெல்லாம் கெட்டியாக இருந்தது. இணைப்புச் சாந்துதான் உதிர்ந்திருந்தது. பாயிண்டிங் பண்ணினாலே போதும். எஸ்டிமேட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்.

நாளை நாமெல்லாம் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். 'இடி' என்று எழுதுமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுவோம், தோழர்களே!