கிராம் கணக்கு

பறவைக்குக் கால்வளையம் மாட்டக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு வளையத்தைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். முதலில் வலையைக் கட்டி அவிழ்க்கணும், பிறகு துணிப்பை பிடிக்கணும். கோடியக்கரையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒரு காலத்தில் விற்பதற்காக உள்ளான் பிடித்தவர். பறவை பிடிப்பவர்களின் கைப்பழக்கம்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வளையப் பணிக்கு இங்கே பெரிய பலம். பட்டம் வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

"எந்தப் பக்கமிருந்து வந்து விழுந்துச்சுன்னு பாரு தம்பி. அந்தப் பக்கமாவே எடு. காலை முதல்ல விடுவி" என்பார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் முதுகு. இறுக்கக் கூடாது. நெடுநேரம் வைத்திருந்தால் உள்ளானுக்குக் கால் மரத்துப்போய் நிற்க முடியாமல் போகும். அதனால் எல்லாமே வேகமாக நடக்கணும். வளையத்தைக் குறடால் மூடி, இறக்கையை அளந்து, தராசில் வைத்தால் கொசு உள்ளான் இருபது கிராம் சொச்சம்தான் இருக்கும்.

எனக்குக் கண் திறந்தது ஊதிப் பார்ப்பதில். கழுத்தடிக் குழியில் மெல்ல ஊதினால் இறகு விலகி, கண்ணாடி போன்ற தோல் தெரியும். குளிர்காலத்தில் அந்தக் குழி சிவந்து வெறுமையாக இருக்கும். மார்ச் கடைசியில் அதே குழியில் மஞ்சள் கொழுப்பு திரண்டு நிற்கும். சைபீரியத் துந்திரம் வரை பறப்பதற்கு அதுதான் எரிபொருள். கிளம்பும் முன் சில உள்ளான்களுக்கு எடை பாதியளவுகூட ஏறும்.

சிக்கலும் கொழுப்பு ஏறும் அந்த மாதங்களில்தான். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, உவர்ப்பு ஏறுகிறது. உப்பளங்களில் வேலை சூடுபிடிக்கிறது. காவிரிக் கடைமடைக்கு நன்னீர் குறையக் குறைய, சேற்றில் இருக்கும் புழுவும் குறையும். பாத்தியில் நீர் கொஞ்சம் ஆழமானாலே குட்டைக்கால் உள்ளானால் நின்று இரை எடுக்க முடியாது. இதற்கு மேல் நாய் துரத்துகிறது, கள்ள வலை விழுகிறது. ஒவ்வொரு முறை கூட்டம் எழும்பும்போதும் ஊதிப் பார்த்த அந்த மஞ்சள்தான் கரைகிறது. இந்தத் தொழில் தெரியாதிருந்தால், பறவை எழும்புவதை அழகு என்று மட்டும்தான் நானும் நினைத்திருப்பேன்.

பதிவேட்டில் கர்லூ சேண்ட்பைப்பர் என்று எழுதும் வளைமூக்கு உள்ளானை 2024-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ஒரு படி மேலே, அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களோடு சேர்த்துவிட்டார்கள். கோடியக்கரை 2002-லேயே ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். பலகை வைத்தால் மட்டும் பறவைக்குக் கொழுப்பு ஏறாது.

மார்ச், ஏப்ரலில் கோடியக்கரைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பறக்கும் கூட்டம் படத்தில் விழவேண்டும் என்று கையைத் தட்டாதீர்கள். செத்த உள்ளானின் காலில் வளையம் இருந்தால், எண்ணை எழுதி அதில் பொறித்திருக்கும் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.