காதும் வெட்கமும்

ஆங்கிலம் நம்மில் பலருக்குக் கண் வழியாக வந்த பாஷை. பக்கம் பக்கமாகப் படிக்க முடிகிறது. நாலு பேர் முன் ஒரு வாக்கியம் பேச நா எழுவதில்லை. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பின்’தான். வித்தியாசத்தை எழுத்து சொல்லாது. காது சொல்ல வேண்டும்.

காதுக்கான உபகரணம் புதிதல்ல. பி.பி.சி. 1943-லேயே வானொலியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. ஆனால் அன்று காற்றில் போன வாக்கியம் போனதுதான். யூட்யூபில் அதை நிறுத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம், பத்து முறை கேட்கலாம். 2012-இல் பொதுவுக்கு வந்த டியோலிங்கோ, தவறினால் மறுபடி கேட்கிறது, முகம் சுளிப்பதில்லை. தவறாக உச்சரித்தவனைப் பார்த்து வகுப்பே சிரிக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

என் மாலை வகுப்பில் நான் அதிகம் நம்புவது கைபேசியின் ஒலிப்பதிவை. மாதிரிக் குரலைக் கேட்டுவிட்டு, தன் குரலைப் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். தன் குரலே அந்நியமாக ஒலிக்கும்போது காது விழித்துக்கொள்கிறது. நான் திருத்த வேண்டியது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இயந்திரம் வெட்கத்தைப் போக்குகிறது. பேசியே தீரவேண்டிய அவசியத்தை அதனால் உண்டாக்க முடியவில்லை. அதன் கேள்விகளுக்கெல்லாம் விடை அதற்கு முன்பே தெரியும். ஆகவே பதிவு முடிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் சொல்ல வேண்டும். சற்றுமுன் சரியாக வந்த உச்சரிப்பு மறுபடி தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் எனக்குச் சம்மதம்.