சைவக் கல்

சென்ற கோடையில், கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள், விடியற்காலை மூன்று மணிக்கு என் இடது விலாவுக்குக் கீழே கடப்பாரையைச் செருகித் திருகுவது போல ஒரு வலி எடுத்தது. என் நாவல்களில் எத்தனையோ பேரை வலியால் துடிக்க வைத்திருக்கிறேன். அவ்வளவும் புளுகு என்பது அன்றுதான் தெரிந்தது. படுத்தால் உட்காரத் தோன்றுகிறது. உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுகிறது. நடந்தால் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. உவமை ஒன்றும் தோன்றுவதில்லை. மேலே சொன்ன கடப்பாரைகூட வலி நின்ற பிறகு கிடைத்ததுதான்.

"வாயுப் பிடிப்பு" என்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லா வியாதிக்கும் அதுதான் பெயர். மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். ஐந்து மணிக்கு நான் வாந்தி எடுத்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. "பார்த்தாயா, வாயுதான்!" என்று அந்த வலியிலும் வெற்றியுடன் சொன்னேன். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தின் வாயிலில், காய்ந்த பட்டாணி அளவில், 8 மில்லிமீட்டர் கல் ஒன்று சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. "சாதாரணமாக வருவது சுண்ணாம்புச் சத்துள்ள கல், அது எக்ஸ்ரேயில் தெரியும். இது யூரிக் அமிலக் கல்லாக இருக்க வேண்டும். 100 பேரில் சுமார் 10 பேருக்குத்தான் இந்த ஜாதி. எக்ஸ்ரேயின் கண்ணில் படாது" என்றார் டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும்.

செய்தி பரவியதும் வீட்டுக்குப் பந்துக்கள் வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு வாழைத்தண்டு. எங்கள் சமையலறையில் ஒரு தோப்பே வெட்டிப் போட்டது போல் ஆகிவிட்டது. தக்காளி விதைதான் கல்லாகிறது என்று ஒருவர் சாதித்தார். விதை வயிற்றுக்குப் போகிறதே தவிரச் சிறுநீரகத்துக்குப் போகிற வழி கிடையாது என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. என் மைத்துனன்தான் சரியான இடத்தில் தைத்தான்: "கறியும் மீனும் தின்கிறவனுக்கு வரவேண்டிய கல்லாச்சே அத்தான், உங்களுக்கு எப்படி?"

அந்தக் கேள்வி கல்லைவிட அதிகமாக வலித்தது. நான் பிறவிச் சைவன். கால் கட்டை விரல் வீங்கி நொண்டிய ஒரு சிநேகிதருக்கு, ஆட்டு ஈரலை விடும்படி ஒரு மணி நேரம் உபதேசம் செய்தவன். மறுவாரம் டாக்டரம்மாவிடம் போனபோது, மைத்துனனின் கேள்வியை என் கேள்வியாகவே கேட்டேன்.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். யூரிக் அமிலம் வெளியிலிருந்து மட்டும் வரும் சரக்கு அல்ல. நம் உடம்பில் தினமும் பழைய உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றிலுள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி வீட்டிலேயே தயாராவதுதான். ஈரல், நெத்திலி, மத்தி, பீர் முதலியவை மீதிப் பங்கை ஏற்றிவிடுகின்றன. அந்த மட்டில் என் உபதேசம் பொய்யில்லை.

ஆனால் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது கரைகிறதா என்பதே பெரிய கேள்வி. சிறுநீரின் புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரையாமல், ஆறிப்போன காபியில் சர்க்கரை தங்குவது போல் அடியில் தங்கிவிடுகிறது. 7-ல் கரைவதில் பத்தில் ஒரு பங்குகூட 5-ல் கரையாது. என்னுடையது 5. போதாததற்கு, வெயில் காலத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சோம்பித் தண்ணீர் குடிக்காமல் எழுதுகிறவன் நான். மனைவி தினமும் மேஜைமேல் வைக்கும் செம்பு, காற்றாடிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்கத்தான் பயன்பட்டு வந்தது.

"புளிப்பு ஏன் ஏறுகிறது? புளிக்குழம்பாலா?" என்று கேட்டேன்.

"இல்லை. அமிலத்தைத் தணிக்கச் சிறுநீரகம் அம்மோனியாவை உண்டாக்குகிறது. நீரிழிவும் தொந்தியும் உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அம்மோனியாவும் குறைந்துவிடும். நாள்பட்ட பேதி உள்ளவர்களுக்கும் சிறுநீர் சுண்டிப் புளித்துப்போகும். ஆமாம், உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக?"

பக்கத்து நாற்காலியில் என் மனைவி இருந்தாள்.

மூன்று வருஷம். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ஒரு பழைய கையெழுத்துப் பிரதிக்குள் செருகி, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தேன். சொன்னால் லட்டு நின்றுவிடும் என்பது ஒரு காரணம். என் தகப்பனார் வருஷா வருஷம் கட்டை விரல் சிவந்து வீங்கி, வேஷ்டி நுனி பட்டாலே அலறியவர். வாயு என்றே சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் சிறுநீரகம் பழுதாகிப் போனவர். அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படித்தால் அவர் முகம் தெரிந்தது என்பது இன்னொரு காரணம். அவருக்கு வந்தது அநேகமாக இதே யூரிக் அமிலம் மூட்டில் படிகிற வியாதிதான் என்றும், அது குடும்பத்தில் இறங்கக்கூடியது என்றும் டாக்டரம்மா சொன்னார்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் திட்டாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். பூட்டியிருந்த டிராயரை நானே திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

1776-ல் ஸ்வீடன் தேசத்து மருந்துக்கடைக்காரர் ஷீலே, மூத்திரப்பைக் கற்களை ஆராய்ந்துதான் இந்த அமிலத்தையே கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் கல் என்றால் பெரும்பாலும் கத்திதான். என் கல்லுக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. கற்களில் இந்த ஜாதிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: புளிப்பைக் குறைத்தால் கரைந்துவிடும். பொட்டாசியம் சிட்ரேட் என்னும் மருந்து கொடுத்து, பி.எச். 6.5-க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். (இருதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் செய்ய வேண்டாம்.) நடுவில் குளிரும் ஜுரமும் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓடி வரவேண்டும் என்றும், அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார்கள். மூன்று மாதத்தில் ஸ்கேனில் கல்லைக் காணோம்.

இப்போது செம்பில் தண்ணீர் தீர்ந்ததும் மனைவி நிரப்பி வைக்கிறாள். காகிதத்தின் மேல் வைக்க ஒரு கூழாங்கல் வாங்கியிருக்கிறேன்.

வாசகர்களே, உங்கள் மேஜை டிராயரிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தால், இன்றைக்கே எடுத்து வீட்டில் காட்டிவிடுங்கள். திட்டு விழும். விழட்டும்; திட்டாமல் இருந்தால்தான் தாங்க முடியாது.