பழைய போலோவும் கோவைப் பட்டறையும்

வேகத்துக்காக மாற்றியமைக்க இந்தியாவில் பழைய கார் தேடுபவர்கள் விரும்பும் வண்டிகளில் ஒன்று ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் வந்தபோது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ் திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சாக்கன் ஆலையில் போலோ உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் இன்னொருவர் ஓட்டிய வண்டிதான்.

அது எப்படி ஓட்டப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கும் கை கோவையில் பழகிய கை. பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர். செட்டிபாளையத்துப் பந்தயத் தடமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

முதல் பார்வை டிங்கருடையது. ஆலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். புட்டி வைத்த இடத்தில் பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டர் பல நூறுக்குத் தாவும். அனுபவசாலி மீட்டரை எடுக்குமுன் விரல்முட்டியால் தட்டியே சொல்லிவிடுவார். கதவில் டச்சப் செய்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். முன்பக்கச் சட்டம் அடிவாங்கி நிமிர்த்தப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

எஞ்சினை ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு தகவல். கம்ப்ரஷன் கேஜில் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

அதிக நேரம் பிடிப்பது கியர்பாக்ஸ். இந்தக் காரில் உள்ளது இரட்டை உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி. அதன் முறுக்குவிசை வரம்பு 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் மென்பொருளை மாற்றும் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தால் முறுக்குவிசை 200-ஐத் தாண்டும், பாதுகாப்பு இடைவெளி சுருங்கிவிடும். உலர் கிளட்ச்சுக்கு எதிரி வேகமல்ல, ஊர்ந்து செல்லும்போது ஏறும் சூடு. ஆகவே அவினாசி சாலையில் விரட்டிப் பார்ப்பதைவிடக் காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்து பார்ப்பதே உண்மையைச் சொல்லும். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது நடுக்கம் இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். கியர் விழாமல் எச்சரிக்கை வந்தால் மெக்கட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சந்தேகிக்கலாம், செலவு கனமானது.

ஏற்கெனவே ரீமேப் செய்து, விற்குமுன் பழைய மென்பொருளையே ஏற்றிவிடுபவர்களும் உண்டு. ஸ்கேனரில் எதுவும் தெரியாவிட்டாலும் சைலன்சர் கிளாம்ப் புதிதாக மின்னும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாய் இருக்கும். அடுத்தவர் கைவைக்காத வண்டியே மாற்றியமைக்க ஏற்றது.

ஆர்.சி. புத்தகத்தின் எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுக் கடன் பாக்கியையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சொல்லாமல் செய்த மாற்றம் இன்சூரன்ஸ் இழப்பீட்டையும் சிக்கலாக்கும். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் வண்டியின் கதை வேறு.

புரோக்கர் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவது இத்தொழிலில் சகஜம். அரை நாள் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தவருக்கோ வெறும் கூலிதான். அதைக்கூட, ஒரே ஓனர் வண்டிக்கு மெக்கானிக் எதற்கு என்று புரோக்கர்கள் தட்டிவிடப் பார்ப்பார்கள். கமிஷனில் பேரம் பேசலாம், இந்தக் கூலியில் கூடாது. வாங்கியபின் முதல் செலவு டயருக்கும் பிரேக்குக்கும். ரீமேப் அதன் பிறகு.