நான்கு துளைகள்

குர்ஆன் ஷரீபின் 18-ஆவது அத்தியாயமாகிய 'அல் கஹ்ஃபி'ல் இடம்பெறும் நபி மூஸா (அலை), ஹிள்ர் (அலை) ஆகியோரின் பயண வரலாற்றை ஆண்டுதோறும் எங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். திருப்பூரில் பிறந்து வளரும் பிள்ளைகள் அவர்கள். ஊரின் நடுவே நொய்யல் ஓடுகிறது என்றுதான் பெயர். அதில் ஓர் ஓடம் மிதந்து அவர்கள் கண்டதில்லை. ஒரு காலத்தில் சாயத்தண்ணீர் ஓடிய கதையைத்தான் தந்தையர் வாயிலாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஹிள்ர் (அலை) அவர்கள் மரக்கலத்தின் பலகையைப் பெயர்த்தார்கள் என்று சொல்வதற்கு முன், கரும்பலகையில் ஒரு படகை நான் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாடத்தின்போது தவறாமல் ஒரு பிள்ளை கேட்கும்: "உஸ்தாத், அந்தப் படகு ஏழைகளுடையது என்கிறீர்களே, சொந்தமாகப் படகு வைத்திருப்பவர் எப்படி ஏழை ஆவார்?"

சிறு பிள்ளையின் கேள்விதான். ஆனால் பெரும் இமாம்கள் இதே இடத்தில் நின்று சிந்தித்திருக்கிறார்கள். 'ஃபகீர்', 'மிஸ்கீன்' ஆகிய இருவருள் யார் கூடுதல் வறியவர் என்ற ஆய்வில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இந்தப் படகையே சான்றாகக் கொண்டார்கள். படகு உடையவர்களை இறைமறை 'மிஸ்கீன்கள்' என்று கூறுவதால், மிஸ்கீன் என்பவரிடம் ஏதோ ஓர் உடைமை இருக்கலாம். அது போதாதிருப்பதே அவர் நிலை. எனவே ஃபகீரே அவரினும் வறியவர் என்பது அவர்கள் முடிவு. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் இரண்டு பவர் டேபிள் தையல் இயந்திரங்களைப் போட்டுக்கொண்டு, ஆர்டர் வராத மாதங்களில் வட்டிக்கடை வாசலில் நிற்கும் தந்தையர் அந்த வகுப்பிலேயே பலருக்கு உண்டு. சொன்னதும் புரிந்துகொள்வார்கள்.

என் மனத்தில் அப்போது தோன்றுவது மட்டும் வேறொரு படகு. அது மல்லிப்பட்டினத்தில் என் லாத்தாவின் கணவருடையது.

தஞ்சை மாவட்டக் கடற்கரையில், சரபோஜி மன்னர் கட்டிய மனோராக் கோபுரத்துக்கு அருகில் இருக்கிறது மல்லிப்பட்டினம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் அந்தத் துறையில் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி எறிந்திருந்தது. மச்சானின் பழைய வள்ளம் விறகாயிற்று. பிறகு கையிலிருந்ததையும் கடனையும் சேர்த்து, ஒருவர் பயன்படுத்திய பைபர் படகொன்றையும் பழைய அவுட்போர்டு இன்ஜின் ஒன்றையும் வாங்கினார். டீசல் இன்ஜினைப் படகுக்குள் இருத்தி நீண்ட தண்டு மாட்டிய படகுகள் அங்கே பல உண்டு. மச்சானுடைய படகிலோ இன்ஜின் பின்பலகையில் கவ்வித் தொங்கும்.

2019 ஷஅபான் விடுமுறையில் நான் அங்கே சென்றேன். வெறுங்கையோடு செல்லவில்லை. சூரிய ஒளியில் இயங்கும் விளக்கொன்றை வாங்கிச் சென்றிருந்தேன். இருட்டில் வலை எடுக்க உதவட்டுமே என்பது எண்ணம். மச்சான் தொழுகைக்குப் போயிருந்த வேளையில், அவரை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற சிறுபிள்ளைத்தனத்தால், ட்ரில் ஒன்றை இரவல் வாங்கி, பின்பலகையின் உட்பக்கத்தில் நான்கு துளைகள் இட்டேன். தாங்கியை வைத்துப் பார்த்தால் இன்ஜினின் கைப்பிடியில் இடித்தது. ஒரு சாண் தள்ளி வேறு நான்கு துளைகள் இட்டு விளக்கை மாட்டினேன். முதலில் இட்ட நான்கையும் மெழுகுவத்தியை உருக்கி அடைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் விளக்கைப் பார்த்து மகிழ்ந்தார். ஹஜ்ரத் செய்த வேலை என்பதால் எவரும் அதைச் சோதித்துப் பார்க்கவுமில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடித்து வந்தபோது லாத்தாவின் தொலைபேசி வந்தது. பேச்சைவிட அழுகையே மிகுதி. முந்தைய இரவு வாடைக்காற்றில் திரும்பும்போது இன்ஜின் பின்னோக்கிச் சாயத் தொடங்கியிருக்கிறது. பலகை பிளக்கும் ஓசை கேட்டிருக்கிறது. மச்சான் இன்ஜினை அணைத்து, கவ்விகளைத் தளர்த்த, அவரும் பதினேழு வயது மகனுமாக ஏறத்தாழ 40 கிலோ எடையை ஆடும் படகுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். பின்பக்க வெடிப்பின் வழியே அலைக்கு அலை நீர் உள்ளே வந்திருக்கிறது. பையன் விடியும்வரை நீர் இறைத்துக்கொண்டே இருந்தானாம். மற்றொரு படகு கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

"இனிமே கடலுக்குப் போகமாட்டேங்கிறான் தம்பி. உன்கிட்ட வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்துக்கிறேங்கிறான்" என்றார் லாத்தா.

மதரஸா விடுமுறை தொடங்கவிருந்த நேரம். புதுப் பலகையின் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். திருப்பூர்க் கடையில் விலை குறைந்த பிளைவுட்டையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அலமாரிக்கு இது போதும் என்று சொல்லவும் செய்தார்கள். அலமாரிக்கன்று, கடலுக்கு என்றதும் கடைக்காரர் என் தாடியையும் தொப்பியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டில் 18 மி.மீ. கனத்தில் இரண்டு துண்டுகள் வாங்கினேன். கூடவே மச்சான் எப்போதும் கேட்கும் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. எண்ணெய் துடைக்கவும் ரெசின் துடைக்கவும் அதற்கு இணை ஏதுமில்லை. கரூர், திருச்சி, தஞ்சை, பட்டுக்கோட்டை என்று பேருந்து மாறி மாறி, பலகையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பின்பலகையின் பெருமையை அன்றுதான் அறிந்தேன். படகைத் தள்ளுவது இன்ஜின் என்று நினைக்கிறோம். இன்ஜின் தள்ளுவது பின்பலகையை மட்டுமே. பலகைதான் படகைத் தள்ளுகிறது. அதனால்தான் உடல் முழுதும் கண்ணாடி இழையாக இருந்தாலும் அந்த ஓரிடத்தில் மட்டும் இரு இழைப் போர்வைகளுக்கு நடுவே மரத்தை வைக்கிறார்கள். மேல்நாடுகளில் ஏரிகளில் ஓட்டும் அலுமினியப் படகுகள் பலவற்றிலும் அப்படித்தானாம். உலோகம் ஆண்டுக்கணக்கில் உழைக்க, உள்ளே வைத்த மரம் உளுத்து இன்ஜின் சாய்வது அவற்றுக்கும் வரும் பிணி. அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. உளுக்காதிருக்கச் செம்பு கலந்த மருந்தூட்டிய மரத்தை வைத்தால், ஈரம் பட்டதும் அந்தச் செம்பு அலுமினியத்தையே அரித்துவிடும்.

பைபர் வேலை செய்யும் மேஸ்திரி வந்தார். முதலில் சுத்தியலின் பின்புறத்தால் பலகையைத் தட்டிக்கொண்டே போனார். ஓரங்களில் 'டங், டங்' என்ற ஒலி. நடுவே வந்ததும் நனைந்த மெத்தையைத் தட்டியது போன்ற மந்த ஓசை. வெளிப்போர்வையை விட்டுவிட்டு உட்போர்வையை மட்டும் கிரைண்டரால் சதுரமாக அறுத்தார். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் நாளெல்லாம் அரிக்கும் என்று எல்லாரும் பனியன் துணியை முகத்தில் கட்டிக்கொண்டோம். மூடியைத் திறப்பதுபோல் போர்வையை நீக்கினார்.

புளித்த வாடை வீசியது. மரம் என்று அங்கே இருந்ததைக் கரண்டியால் அள்ள முடிந்தது. தவிடு நனைந்தால் இருக்குமே, அப்படி.

"கடல்தண்ணியை இது தாங்கியிருக்கும் பாய். கரையில ஏத்திப் போட்டிருக்கும்போது இறங்குற மழைத்தண்ணிதான் மக்க வைக்கும்" என்றார் மேஸ்திரி. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பைவிட நன்னீரே உகந்தது என்று பின்னர் நானும் படித்தறிந்தேன்.

எங்கிருந்து இறங்கியது அந்த நீர்? இன்ஜின் போல்ட்டுகள் நுழைந்த இடங்களைப் பார்த்தார். அங்கே மரம் வெளிறிய நிறத்தில் உறுதியாகவே இருந்தது. படகைக் கட்டியவர்கள் அந்தத் துளைகளை முறையாக அடைத்திருந்தார்கள். கருமை வேறோர் இடத்தில் தொடங்கி, விரித்த விசிறிபோல் கீழே பரந்திருந்தது. விசிறியின் பிடி இருந்த இடத்தில் நான்கு சிறு துளைகள். ஒன்றில் மட்டும் மெழுகின் மிச்சம் இருந்தது.

"இதை யார் போட்டது? எந்த முட்டாள் போட்டுட்டு இப்படி மூடாம விட்டான்?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை வாங்கி, மக்கிய மரத்தை அள்ளிக்கொண்டே, "அது வாங்குறப்பவே இருந்துச்சோ என்னவோ மேஸ்திரி. யாருக்கு ஞாபகம்?" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன்! மறைக்கப்படுபவனாக நிற்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரலாறும் அந்த மணலில் நினைவுக்கு வந்தது. நல்ல படகுகளைப் பறிக்கும் மன்னன் ஒருவன் முன்னே இருக்கிறான் என்று அறிந்து, மூஸா (அலை) அவர்களின் கண் முன்னேயே பலகையைப் பெயர்த்தார்கள் ஹிள்ர் (அலை). மூஸா (அலை) அவர்கள் அந்த நொடியே தட்டிக் கேட்டார்கள். நானோ எதையும் அறியாமல், எவரும் பார்க்காதபோது துளையிட்டேன். தட்டிக் கேட்கவும் ஆளில்லை.

மஃரிபுக்குப் பள்ளிவாசல் செல்லும் வழியில் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார் மச்சான். சற்றுத் தூரம் நடந்தபின், "அந்த விளக்கு அஞ்சு வருஷம் எரிஞ்சுச்சு ஹஜ்ரத். அதைப் பார்த்துத்தான் வலை எடுத்தோம். அதை நான் மறக்கமாட்டேன்" என்றார். பிறகு நின்றார். "ஆனா ஒண்ணு. பையன் இன்ஜினை மணல்ல போட்டு இடிச்சதாலதான் பலகை விட்டுச்சுன்னு நெனச்சு, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அவனை நான் ஏசிட்டேன். என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லுங்க."

தொழுகையில் இமாம் என்ன ஓதினார் என்று எனக்கு நினைவில்லை.

இஷாவுக்குப் பின் அவனைப் படகடிக்கு அழைத்துச் சென்றேன். சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் அலிஃப், பே ஓதியவன். துளைகளைக் கைவிளக்கில் காட்டி, நான் இட்டவை என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவன் வெகுநேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் இடிச்சதால இல்லையா மாமா?"

"இல்லை வாப்பா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

மறுநாள் முதல் அவனும் வேலையில் சேர்ந்துகொண்டான். மக்கியதைச் சுரண்டி, உட்குழியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினோம். அட்டையில் அச்செடுத்துப் பிளைவுட்டை அறுத்து, இரு துண்டுகளையும் ரெசின் தடவி ஒன்றாக ஒட்டியபோது 36 மி.மீ. கனம் வந்தது. ஓரங்களுக்குத்தான் மேஸ்திரி கூடுதலாக ரெசின் ஊட்டினார்; பிளைவுட் நீர் குடிப்பது ஓரத்தின் வழியாகவே. ரெசின் கலப்பதை மட்டும் எவரிடமும் விடவில்லை. முதலில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி, இறுதியில்தான் ஹார்ட்னரைச் சேர்த்தார். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்று பையனை அருகில் அழைத்துக் காட்டினார். பலகையைக் குழியில் அழுத்தி, கவ்விகள் இட்டு, மறுநாள் மேலே கண்ணாடி இழை மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றிப் போர்த்து, பக்கச் சுவர்களோடு ஒரு முழம் ஏற்றி இணைத்தார். நெற்றி வியர்வையையும் ரெசினையும் திருப்பூர்ப் பனியன் துணி துடைத்தது. பிளைவுட் விலையை மட்டும் என்னிடமிருந்து ஏற்றுக்கொண்ட மச்சான், மேஸ்திரி கூலியை நான் எவ்வளவோ வற்புறுத்தியும் வாங்கவில்லை.

கடைசி வேலை போல்ட்டுத் துளைகள். தேவைக்கு மேல் பெரிதாகத் துளையிட வேண்டும். அதில் ரெசின் குழம்பை நிரப்பி இறுக விட வேண்டும். இறுகிய அந்த ரெசினின் நடுவே உரிய அளவில் மீண்டும் துளையிட வேண்டும். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது. நீர் கசிந்தாலும் மரத்துக்குப் போகாது. மச்சான் ட்ரில்லை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே போடுங்க ஹஜ்ரத்."

கை நடுங்கியது. பையன் பென்சிலால் குறியிட்ட இடங்களில் பிஸ்மில்லாஹ் சொல்லித் துளையிட்டேன். அவன் ஒவ்வொன்றாக ரெசினை நிரப்பினான். விளக்கைப் பலகையில் மாட்டவில்லை; நடுவே ஒரு மூங்கிலில் கட்டினோம். ரமளான் பிறை தெரிவதற்கு மூன்று நாள் முன்னதாகப் படகு நீரில் இறங்கியது.

இப்போது அந்தப் பாடம் வரும்போது, முன்பு நான் விட்டுவிட்ட ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த மன்னனைக் கடந்தபின் படகுக்காரர்கள் அதைச் சீர்செய்துகொண்டார்கள் என்பதோடு, எதைக்கொண்டு அடைத்தார்கள் என்பதும் புகாரி ஷரீபில் பதிவாகியிருக்கிறது. கண்ணாடிக் குப்பி என்று சிலரும் கீல் என்று சிலரும் கூறினார்களாம்.

பெருநாளுக்குப் பிறகு லாத்தா மகன் திருப்பூருக்கு வருவான் என்று, தெரிந்த கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவன் வரவில்லை. ஷவ்வால் மாதக் கடைசியில், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தான். 'மாமா, பனியன் வேஸ்ட் தீர்ந்துவிட்டது. இரண்டு மூட்டை வேண்டும்.'